ஓ.எஸ். மாற்றப் போகும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை என்று எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவை எடுத்தாலும் ‘கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை’ ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளை பொறியியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒருமுறை யாருக்கோ பிரிண்டரைச் சரிசெய்து கொடுத்திருந்தால் போதும். அத்தை வீட்டு லேப்டாப் கிளம்பவில்லை, ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியின் சிஸ்டம் ஹேங் ஆகிறது என்று வரிசையாக அழைப்பு வரும். அப்படி அழைக்கப்படும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. வீடுகளிலும் சிறு கடைகளிலும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகள் இதனால் கேள்விக்குறியோடு நிற்கின்றன. மாற்றலாமா, எதற்கு மாற்றலாம், மாற்றினால் பழைய கோப்புகள் என்னவாகும் என்று உங்களிடம்தான் கேட்பார்கள். நான் சொல்லப்போகும் பன்னிரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: முன்னே வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் திரும்பி வர ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள்.

1. தொடுவதற்கு முன் கேளுங்கள்.

“எப்போதிலிருந்து இப்படி? அதற்கு முதல் நாள் என்ன நடந்தது?” இந்த இரண்டு கேள்விகளிலேயே பாதிப் பழுது பிடிபடும். புது பிரிண்டர் மாட்டினார்களா, அப்டேட் ஓடும்போது கரண்ட் போனதா, பையன் கேம் ஏதாவது இறக்கினானா என்று விசாரியுங்கள். திரையில் பிழைச் செய்தி வந்தால் அதை மூடுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுங்கள். நீலத் திரையின் அடியில் இருக்கும் பிழைக் குறியீடு ஒரு வரிதான், ஆனால் தேடுவதற்கு அதைவிட நல்ல துப்பு கிடையாது. செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது என்றும் தெரியாது, எதனால் கெட்டது என்றும் தெரியாது.

2. முதல் வேலை பேக்கப். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீட்டுக் கணினியின் விலை சில ஆயிரங்கள். அதற்குள் இருப்பதற்கு விலை இல்லை. பத்திரத்தின் ஸ்கேன், பட்டா, வில்லங்கச் சான்று, மதிப்பெண் பட்டியல், கல்யாண ஆல்பம், இறந்துபோன தாத்தாவின் குரல் பதிவு என எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. “டி டிரைவில் இருக்கிறது, ஒன்றும் ஆகாது” என்பார்கள். அதை நம்பாதீர்கள். சி, டி என்று பிரித்திருந்தாலும் பெரும்பாலான வீடுகளில் இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்தான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

தவறாமல் பார்க்க வேண்டிய இடங்கள்: டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கும் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும். ஃபார்மேட் போட்டால் முதலில் அழிபவை இவை. கடைக் கணினி என்றால் டேலி கணக்கின் டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று உரிமையாளரிடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் மறக்க வேண்டாம்.

எடுத்த நகலை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று கணக்கில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் பூட்டோடு வருகிறது. பயாஸில் எதையாவது மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே அதைக் கண்டுபிடித்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சாவி இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் மீட்டுத் தர முடியாது.

3. ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

டிக் டிக் என்ற சத்தம், ஒரு கோப்பைத் திறக்கப் பல நிமிடங்கள், கோப்புகள் திடீரென மறைவது ஆகியவை டிஸ்க் சாகப்போவதன் அறிகுறிகள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். அது எச்சரித்தால் ஸ்கேன், ரிப்பேர், ஃபார்மேட் எதுவும் வேண்டாம். டிஸ்க்கைப் போட்டு வருத்தும் வேலை எல்லாமே அதன் ஆயுளைக் குறைக்கும். முக்கியமான கோப்புகளை மட்டும் முதலில் நகலெடுங்கள். குற்றாலத்துப் பேரருவியில் தண்ணீர் வரத்து கூடியதும் குளிக்கத் தடை போடுகிறார்களே, அதை மதிப்பதுபோல் இந்த எச்சரிக்கையையும் மதியுங்கள்.

4. எங்கள் ஊரின் ஈரத்தைக் கணக்கில் எடுங்கள்.

ஆனி, ஆடி, ஆவணியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வீசத் தொடங்கினால் சாரல்தான். உடம்புக்கு இதமான அந்தக் காலம் மின்னணுப் பொருள்களுக்கு ஆகாது. குற்றாலத்தில் அருவிக்கு அருகே இருக்கும் வீடுகளில் சுவரே வியர்த்திருக்கும். இந்த ஈரத்தில் பல வாரம் மூடிக் கிடக்கும் கணினியில் ராமின் தொடுமுனைகளில் அழுக்குப் படிந்துவிடலாம். பவர் போட்டதும் விசிறி சுற்றும், பீப் சத்தம் வரும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். இதைப் பார்த்து ஓ.எஸ். போய்விட்டது என்று ஃபார்மேட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். சிபியு பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். பிறகு ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, கிளிக் என்று உட்காரும்வரை மாட்டுங்கள். பல கணினிகள் இதிலேயே எழுந்துவிடும்.

வருமுன் காக்க வேண்டுமா? கணினியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சாரல் காலத்தில் தேவை இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சிறிது நேரம் ஓடவிடுங்கள். ஓடும்போது பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள். எறும்பும் பல்லியும் உள்ளே குடியேறாதபடி, விசிறியின் காற்று வழியை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் காலியாகத் திறந்திருக்கும் ஓட்டைகளை மட்டும் தகட்டால் அடையுங்கள்.

5. தேதியைப் பாருங்கள்.

இணையம் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை, பாதுகாப்பு எச்சரிக்கை மட்டுமே வருகிறது என்றால் திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். பல ஆண்டு பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரி தீர்ந்திருக்கிறது. சிஆர்2032 என்று கேட்டால் எலக்ட்ரிக்கல் கடையிலும் வாட்ச் கடையிலும் கிடைக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றுகளுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் தேதி அதற்கு வெளியே போனால் பிரவுசர் தளத்தை நம்ப மறுக்கும். மிகச் சிறிய செலவில் முடிகிற வேலை இது.

6. மெதுவாக ஓடினால் ஓ.எஸ். மேல் பழி போடாதீர்கள்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது நூறு சதவீதத்தில் நிற்கிறது என்று பாருங்கள். டிஸ்க் என்றால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளில் இதற்கு ஈடு கிடையாது. மெமரி என்றால் ராமைக் கூட்டுங்கள். 4 ஜிபியில் திணறுகிற கணினி 8 ஜிபியில் மூச்சுவிடும். இரண்டும் இல்லை என்றால், கணினி கிளம்பும்போதே கூடக் கிளம்பும் மென்பொருள்களை ஸ்டார்ட்டப் பட்டியலில் நிறுத்துங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடினால் ஒன்றை எடுத்துவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகுதான் புது ஓ.எஸ். பற்றிப் பேச வேண்டும்.

7. கிளம்பாத கணினிக்குப் படிப்படியாகப் போங்கள்.

முதல் படி: பென்டிரைவ், பிரிண்டர், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் துவக்குங்கள். செருகியிருக்கும் பென்டிரைவிலிருந்து துவங்கப் பார்த்து நின்றுபோகும் கணினிகள் நிறைய. இரண்டாவது: துவக்கம் இரண்டு மூன்று முறை தொடர்ந்து தடைபட்டால் விண்டோஸ் தானே பழுதுநீக்கத் திரையைக் காட்டும். அங்கே சேஃப் மோட் போங்கள். அதில் ஓடுகிறது என்றால் குற்றவாளி ஒரு டிரைவரோ புதிதாகப் போட்ட மென்பொருளோதான். அதை நீக்குங்கள். மூன்றாவது: கடைசியாக வந்த அப்டேட்டை அதே திரையில் நீக்கிப் பாருங்கள். நான்காவது: சிஸ்டம் ரீஸ்டோர் மூலம் நன்றாக ஓடிய நாளுக்குத் திரும்புங்கள். ஐந்தாவது: கோப்புகளை வைத்துக்கொண்டு ரீசெட் செய்யும் வழி. இதில் கோப்புகள் தங்கும், நீங்கள் போட்ட மென்பொருள்கள் போய்விடும். இவை ஐந்தும் பலிக்காத பிறகுதான் ஃபார்மேட்.

“ஃபார்மேட் போட்டுடலாம்” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்கிறவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள். நீங்களும் அப்படிச் சொல்லாதீர்கள்.

8. விண்டோஸ் 11க்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்பது எளிதான பகுதி. தடை போடுவது இரண்டு: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, பிராசஸரின் தலைமுறை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல். ஐ5-7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை, ஏற்காது. ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை, ஏற்கும். ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருளே இதைச் சோதித்துச் சொல்லிவிடும்.

டிபிஎம் இல்லை என்று சொன்னால் உடனே கைவிட வேண்டாம். பயாஸில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். முறையான விண்டோஸ் 10 உரிமம் இருந்து தகுதியும் இருந்தால் 11க்கு மாறக் காசு கிடையாது. தகுதியில்லாத கணினியில் சோதனையைத் தாண்டிப் போடும் வித்தைகள் உண்டு. ஆனால் அப்படிப் போட்ட கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. வீட்டாரின் வங்கிக் கணக்கு ஓடும் கணினியில் அந்த வித்தை வேண்டாம்.

9. தகுதி இல்லாத கணினியைக் குப்பையில் போடாதீர்கள்.

ஆதரவு முடிந்த ஓ.எஸ்.ஸில் அப்படியே இணையத்தில் திரிவது ஆபத்து. 2017 மே மாதம் பரவிய வன்னாகிரை நச்சுநிரல் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதைப் போடாத கணினிகளும், ஆதரவு முடிந்த பழைய கணினிகளும் ஏறத்தாழ 150 நாடுகளில் அடிபட்டன. அப்டேட் என்பது தொந்தரவு இல்லை, தடுப்பூசிதான் என்று வீட்டாருக்கு விளக்குங்கள்.

வழிகள் இரண்டு. ஒன்று, விண்டோஸ் 10க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட். வீட்டுக் கணினிகளுக்கு இது 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. முடிவெடுக்க நேரம் வாங்கித் தரும் ஏற்பாடு இது, நிரந்தரத் தீர்வு இல்லை.

இரண்டு, லினக்ஸ். தமிழ்நாட்டுக்கு இது அந்நியம் இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடியாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. துவக்கத்தில் வரும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க அன்று பலருக்கும் சொல்லித்தர ஆள் இல்லை. இன்று நீங்கள் இருக்கிறீர்கள். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ராமில் தாராளமாக ஓடும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை, ஸ்பீக்கர், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு நிறுவலாம். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே படிக்கக் கணியம் இதழ் 2012 முதல் வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் எல்லாருக்கும் லினக்ஸைத் திணிக்காதீர்கள். டேலியில் கணக்கு எழுதுகிறவருக்கு விண்டோஸ்தான் வேண்டும். கடிதம் தட்டச்சு, யூடியூப், மின்னஞ்சல், பிள்ளைகளின் பாடம் என்று இருக்கும் வீட்டுக்கு லினக்ஸ் போதும்.

10. தமிழ் எழுத்தைக் காப்பாற்றுங்கள்.

மற்ற ஊர்க்காரர்களின் வழிகாட்டிகள் இதைச் சொல்லித் தருவதில்லை. ஃபார்மேட் போட்ட மறுநாள் அச்சகக்காரர் கூப்பிடுவார்: “தம்பி, பழைய பத்திரிகை எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா, குறியா வருது.” கோப்பு கெடவில்லை. அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது. அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு போனால் அடியில் இருக்கும் ஆங்கிலம் தெரியும்.

ஆகவே ஓ.எஸ். மாற்றும் முன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். புதிதில் அந்த எழுத்துருக்களைத் திரும்ப நிறுவுங்கள். முக்கியமான கோப்புகளை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளால் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இனி அடிப்பதை யூனிகோடிலேயே அடிக்கப் பழக்குங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11இல் உள்ளேயே இருக்கிறது. லினக்ஸிலும் கிடைக்கும்.

11. நாளும் நேரமும் பார்த்துத் தொடங்குங்கள், முறையான ஓ.எஸ். போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மாலை இடி இறங்கும் நேரத்தில் ஓ.எஸ். வேலை வேண்டாம். காலையில் தொடங்குங்கள். லேப்டாப்பில் சார்ஜ் நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் மாட்டியிருக்கட்டும். மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் இல்லாமல் தொடவே வேண்டாம். பயாஸ் அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் மதர்போர்டே எழாமல் போகலாம். இடி தொடங்கும் முன்பே பவர் பிளக்கோடு இணைய வயரையும் கழற்றிவிடுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும். நிறுவும் கோப்பு பல ஜிபி இருக்கும். கைப்பேசியின் தினசரி டேட்டாவில் இறக்காமல் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் இறக்கி, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கோப்பை மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்தோ லினக்ஸ் மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் ஆக்டிவேட்டர் எதையும் தொடாதீர்கள். அணைக்கச் சொல்வதிலேயே அதன் எண்ணம் தெரிகிறது. விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு விண்டோஸோடு வந்த லேப்டாப்களில் உரிமச் சாவி பொதுவாக பயாஸிலேயே பதிந்திருக்கும். கணினியோடு வந்த அதே பதிப்பை, பெரும்பாலும் ஹோம், போட்டால் இணையம் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். ப்ரோ பதிப்பைப் போட்டுவிட்டுக் கிராக் தேடும் வழக்கத்தை நிறுத்துங்கள். “உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணுக்கு அழையுங்கள்” என்று திரையில் வருவது மோசடி. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள் என்று வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள்.

12. மாற்றி முடித்ததும் வேலை முடியவில்லை.

விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மேம்படுத்தினால், பிடிக்காதபோது பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் எல்லாவற்றையும் சோதியுங்கள்: பிரிண்டர், ஸ்கேனர், வெப்கேமரா, தமிழ்த் தட்டச்சு, டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். இடம் போதவில்லை என்று விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். திரும்பும் வழி அதில்தான் இருக்கிறது. பேக்கப் டிஸ்க்கையும் ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். பழைய டிஸ்க்கை யாருக்காவது கொடுப்பதானால் முழுதாக அழித்த பிறகு கொடுங்கள். வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன மாறியிருக்கிறது, அவருடைய படங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டிவிட்டுக் கிளம்புங்கள். அவர் தானே ஒருமுறை திறந்து பார்க்கும்வரை பொறுமையாக இருங்கள்.

பிள்ளைகளே, தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் உலகம் முழுக்கப் பயன்படும் மென்பொருளை நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அந்த இடத்துக்குப் போக விரும்புகிறவர்களுக்கு வீட்டில் பழுதாகிக் கிடக்கும் கணினியைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பயப்படாமல் திறங்கள், அவசரப்படாமல் மாற்றுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு எதுவும் செய்ய வேண்டாம். உங்கள் வீட்டுக் கணினியிலும், உங்களை நம்பியிருக்கும் இன்னொரு வீட்டுக் கணினியிலும் பேக்கப் எடுத்து, திறந்து சரிபார்த்துவிடுங்கள்.